ஐவரில் இருவர்

2015 ஏப்ரல் 4 அன்று மலேசியாவில் எங்கள் செமினிக்குப் பக்கத்தில் ஹெலிகாப்டர் விழுந்து ஆறு பேர் இறந்தார்கள். மறுநாள் கோப்பிக்கடையில் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான்: ஓட்டியவர் தவறா, இயந்திரக் கோளாறா? இந்திய விமானப்படை 1933இல் தன் விமானிகளை முதன்முதலாகப் பறிகொடுத்த விபத்தை எடைபோட அந்தக் கேள்வி போதாது.

இங்கிலாந்தின் கிரான்வெல் கல்லூரியில் தேறி 1932 அக்டோபர் 8 அன்று அதிகாரிகளான இந்தியர் ஆறு பேர். அவர்களில் டாண்டன் குள்ளமானவர். விமானத்தின் பெடலுக்குக் கால் எட்டவில்லை, தளவாடப் பிரிவுக்குப் போனார். மிஞ்சியவர்கள் ஐந்து விமானிகள். 1933 ஏப்ரல் 1 அன்று கராச்சி டிரிக் ரோட்டில் நான்கு வாப்பிட்டி விமானங்களோடு முதல் ஸ்குவாட்ரன் பிறந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் பூபேந்தர் சிங்கும் அமர்ஜித் சிங்கும் ஒரே விமானத்தில் விழுந்து மடிந்தார்கள்.

ஓட்டை விமானத்தைக் கொடுத்து வெள்ளைக்காரன் கொன்றான் என்று சொல்லிவிட ஆசையாகத்தான் இருக்கிறது. முதல் உலகப் போரில் மிஞ்சிய டி.எச்.9ஏ விமானத்தின் உதிரிகளைத் தீர்க்கும் நோக்கத்தோடு வடிவமைக்கப்பட்டதுதான் வாப்பிட்டி; சிக்கனத்தில் பிறந்த பிள்ளை. ஆனால் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் ஸ்குவாட்ரன்களும் அதையேதான் ஓட்டின. இந்த வாதம் நிற்காது.

அனுபவம் போதவில்லை என்ற எதிர்வாதமும் நிற்காது. அந்தக் காலத்தில் பயிற்சியில் விழுந்து செத்த பிரிட்டிஷ் இளைஞர்கள் ஏராளம். அதை வைத்து ஆங்கிலேயனுக்குப் பறக்கத் தெரியாது என்று யாரும் தீர்ப்பு எழுதவில்லை.

கணக்கைப் பாருங்கள், அங்கேதான் நெஞ்சு அடைக்கிறது. வாப்பிட்டியில் இருப்பது இரண்டே இருக்கை. அந்த இரண்டிலும் விமானிகள். ஒரு விபத்தில் படையின் விமானிகளில் நாற்பது சதவீதம் போய்விட்டது. அடுத்து, ஐவரில் இன்னொருவரான சர்க்காரும் ஒரு விபத்துக்குப் பிறகு படையைவிட்டு விலக நேர்ந்தது; முதல் அணி விமானிகளில் எஞ்சியவர்கள் முகர்ஜி, அவான் இருவர்தான். முதல் ஸ்குவாட்ரனின் மூன்று பிரிவுகளும் நிரம்ப 1938 ஆயிற்று. இரண்டாவது ஸ்குவாட்ரன் 1941இல்தான் வந்தது, அதுவும் போர் கழுத்தை நெரித்த பிறகு. விழுந்ததற்கு யாரையும் குற்றம் சொல்ல மாட்டேன். அந்த இரண்டு இடங்களை நிரப்ப ஆள் இல்லாமல் வைத்திருந்த அரசைச் சொல்வேன். இந்தியர் கையில் விமானத்தைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்த கொள்கை அது.

நம் எழுத்தாளர்களுக்கும் இதில் பங்குண்டு. 1932இல் தொடங்கி, 1954இல் விமானப்படையின் முதல் இந்தியத் தளபதியான சுப்ரதோ முகர்ஜிக்கு ஒரே தாவலில் போய்விடுகிறார்கள். சிங் இருவரும் எதிரியின் குண்டில் சாகவில்லை என்பதால் அடிக்குறிப்பாகிவிட்டார்கள். முதல் ஸ்குவாட்ரன் வாசிரிஸ்தான் எல்லையில் சண்டைக்குப் பறந்தபோது அவர்கள் இறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. முகர்ஜியோடு ஒரே நாளில் அதிகாரியானவர்கள் அவர்கள்; அவர் கதையை எழுதுகிறவர்கள் முதல் அத்தியாயத்தில் அவர்களுக்கும் இடம் கொடுக்க வேண்டும்.