எண்ணும் உடுக்குறியும்: புவிவேதியியல் திறந்த தரவுத்தளங்கள் குறித்த ஒரு மதிப்பீடு

எரிமலைப் பாறைகளின் வேதியியலை ஆராய்வோர் பெரிதும் நம்பியிருக்கும் திறந்த தரவுத்தளங்கள் ஜியோராக், பெட்டிபி ஆகிய இரண்டு. முன்னது செருமனியின் மைன்ஸ் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் வேதியியல் நிறுவனத்தில் உருவாகி, பின்னர்க் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தின் பொறுப்புக்கு மாறியது. பின்னது அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த லாமொண்ட்-டோகர்ட்டி ஆய்வகத்தில் தோன்றியது. கடலடிப் பாறைகளே அதன் முதன்மைக் களம். ஆய்விதழ்களின் அட்டவணைகளில் சிதறிக்கிடந்த பகுப்பாய்வு முடிவுகளைத் திரட்டி அனைவர்க்கும் கட்டணமின்றி வழங்கியது இவற்றின் பெருந்தொண்டு. அத்தொண்டில் ஐயமில்லை. எண்ணோடு உடன்வர வேண்டியவை வந்தனவா என்பதே வினா.

இரும்பை எடுத்துக்கொள்ளலாம். பாறையில் இரும்பு ஃபெரஸ், ஃபெரிக் என இரு நிலைகளில் இருப்பினும், எக்ஸ்-கதிர் ஒளிர்வு முறை இரண்டையும் பிரித்தறிவதில்லை. ஆகவே முழு இரும்பையும் ஏதேனும் ஓர் ஆக்சைடாகக் கணக்கிட்டு, அருகே ஓர் உடுக்குறி இட்டு, அதன் பொருளை அடிக்குறிப்பில் தருவது வழக்கம். முழு இரும்புக்கும் ஃபெரிக் இரும்புக்கும் ஜியோராக் தனித்தனிப் பத்திகள் வைத்துள்ளது. எனினும் மூலக் கட்டுரை உடுக்குறியை விட்டிருந்தால் தொகுப்பாளர் என்செய்வார்? தக்காணப் பசால்ட் ஒன்றில் ஃபெரிக் ஆக்சைடாகக் கணக்கிட்ட முழு இரும்பு 14 விழுக்காடு, மக்னீசியம் ஆக்சைடு 6 விழுக்காடு எனக் கொள்வோம். 0.8998 ஆல் பெருக்கினால் ஃபெரஸ் ஆக்சைடு 12.6, மக்னீசிய எண் ஏறத்தாழ 46. பெருக்காமல் 14 என்பதையே ஃபெரஸ் ஆக்சைடாகக் கொண்டால் அது 43 ஆகச் சரியும். பாறையில் எம்மாற்றமும் இல்லை. ஆயினும் பாறைக்குழம்பு கூடுதலாகப் படிகப் பிரிகை அடைந்தது என்ற முடிவு பிறந்துவிடும்.

ஐசோடோப்பு விகிதங்களிலும் இதே நிலைதான். ஸ்ட்ரான்சியத்துக்கு என்பிஎஸ் 987 என்னும் தரப்பொருளின் விகிதம் 0.71025 எனக் கொள்ளப்படுகிறது. ஓர் ஆய்வகம் தான் அளந்த தரப்பொருள் மதிப்பைத் தராதபோது, அதன் முடிவை வேறோர் ஆய்வகத்தின் முடிவோடு ஐந்தாம் தசம இடத்தில் ஒப்பிடுவது பொருளற்றது. கண்டறி எல்லைக்குக் கீழ்ப்பட்ட தனிமமும் அளக்கவே படாத தனிமமும் ஒரே வெற்றுக்கட்டமாகப் பதிவாவதும் இவ்வகைக் குறையே.

இக்குறைகளைத் தரவுத்தளங்களின் மேல் மட்டும் சுமத்துவது முறையன்று. அச்சில் இல்லாததைத் தொகுப்பாளர் படைக்க இயலாது. 2016இல் வெளியான ஃபேர் நெறிகள் கண்டறிதல், அணுகல், இணைதல், மறுபயன் என நான்கைக் கோருகின்றன. முதலிரண்டில் புவிவேதியியல் முன்னணியில் நிற்கிறது. நான்காவதில் பின்தங்கியிருப்பதன் வேர் ஆய்வேட்டின் பின்னிணைப்பிலேயே உள்ளது.

பாறை மாதிரிகளுக்கு நிலையான அடையாள எண் வழங்கும் ஐஜிஎஸ்என் முறை இதற்கு ஒரு பகுதித் தீர்வு. ஐயம் எழும்போது அவ்வெண்ணைப் பற்றி மாதிரியையே தேடிச்சென்று மீண்டும் அளக்கலாம். ஆய்வேடு ஒப்படைத்த மறுமாதமே அலமாரியை ஒழிக்கும் துறைகளில், அந்த எண் சுட்டும் பாறைத்தூள் குப்பி இருக்கப்போவதில்லை.