துளைக்கல்லும் துணிந்த அட்டையும்

தென்னூரில் ஒரு படிப்பகம். மேசைமேல், ஏடுகளுக்கு நடுவே, ஒரு கல். ஒரு பக்கம் உடைந்த வட்டம்; நடுவிலே துளை. காவிரி மணற்குவியலில் கிடைத்ததென்று தோழர் ஒருவர் கொணர்ந்து வைத்தது. அருகே அட்டை ஒன்று அறிவிக்கிறது: "20,000 ஆண்டுகட்கு முன் தமிழன் செய்த கருவி!"

படித்தேன். இருபதாயிரம் என்று எண்ணியவர் யார்? எதைக்கொண்டு எண்ணினார்? கேட்டேன். சினம் வந்தது விடையாக. "தாங்களுமா, தோழரே, தமிழன் தொன்மையை ஐயுறுகிறீர்கள்?"

ஐயம் தொன்மையின்மீது அன்று, அட்டையின்மீது!

சேர்வராயன் மலையிலே, புதிய கற்காலத்து வழவழப்பான கோடரிகள் மண்ணில் கிடைத்தபோது, அவற்றை எடுத்துப் பிள்ளையாருக்குரிய சிறு கோயில்களில் வைத்து வழிபட்டனர் மலைமக்கள். வேறிடங்களில் அவை இடியோடு விழுந்த கல்லாயின. ஐரோப்பியரும் குறைந்தவரல்லர், இடி அண்டாதென்று கற்கோடரியைக் கூரையிலே செருகி வைத்தவர்கள்தாம். இவற்றை மேடையில் சொல்லி நகைக்கிறோம். நகைத்துவிட்டு வந்து, நாம் எழுதிய அட்டைக்கு முன்னே கைகட்டி நிற்கிறோமே, இதற்கென்ன பெயர்?

துளைக்கல் என்றாலே கற்காலம் ஆகிவிடாது. துளையைப் பார்க்கவேண்டும். கல்லால் கல்லைக் கொத்தித் துளைத்தவன் இருபுறமிருந்தும் கொத்தினான். ஆகவே வாய் அகன்று நடு ஒடுங்கி, உடுக்கையின் இடைபோல் இருக்கும் துளை. உட்சுவரில் கழி உராய்ந்த வழவழப்பு இருந்தால், கிழங்கு தோண்டும் கோலுக்குப் பாரமாகச் செருகியதாகலாம். தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் அவ்வாறு பயன்படுத்தினர். விளிம்பெல்லாம் சிதைந்திருந்தால் தண்டாயுதத்தின் தலையோ என்று எண்ணலாம். கயிறு தேய்த்த தடம் இருந்தால் வலைக்குண்டு.

தென்னூர்க் கல்லை எடுத்துப் புரட்டினேன். துளை நேராக இறங்குகிறது; சுவரில் இரும்பு உளியின் வரிகள். அடிப்பக்கம் தட்டை, அதில் வட்டம் வட்டமாகத் தேய்மானம். உடைந்த விளிம்பருகே பாதியாக இன்னொரு சிறு குழி, கைப்பிடி முளை அடித்த இடம்! திரிகையின் மேற்கல், ஐயா, அது! நம் பாட்டிமார் கேழ்வரகு திரித்த கல்லின் உடன்பிறப்பு. மின்னரைவை வந்தபின் பிறந்த தோழர்கட்கு அது தெரியாமற்போனதில் குற்றமில்லை. தெரியாததற்கு வயது குறித்ததுதான் குற்றம்.

வயதைக் கல் தானே சொல்லாது. அது கிடந்த மண்ணடுக்கு சொல்லும். அடுக்கில் கரி இருந்தால், லிப்பி 1949இல் வகுத்துக் காட்டிய முறைப்படி, 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும் கதிர்க்கரியை அளந்து காலம் காணலாம். ஏறத்தாழ 50,000 ஆண்டுக்கு அப்பால் அம்முறை செல்லாது. அதிரம்பாக்கத்தில் சாந்தி பப்பு குழுவினர், புதைந்த படிகக் கல்லில் விண்கதிர் விளைத்த பெரிலியம், அலுமினிய அணுக்களை அளந்து, கைக்கோடரிகள் சுமார் 15 இலட்சம் ஆண்டு பழையன என்று 2011இல் அறிவித்தனர். உலகம் ஏற்றது. ஆனால் அவற்றைச் செய்தவன் தமிழன் அல்லன். இன்றைய மனித இனமே அன்று தோன்றவில்லை! இராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே 30ஆம் நாள் பல்லாவரத்தில் கண்டெடுத்த கற்கருவிக்கும் மொழி முத்திரை கிடையாது. மணற்குவியலில் பொறுக்கிய கல்லுக்கோ அடுக்கே போயிற்று. அடுக்கு போனால் சான்று போயிற்று.

"மாற்றார் மகிழ்வாரே" என்றார் தோழர். மகிழத்தான் போகிறார்கள், அட்டை இருக்கும்வரை! கீழடியின் கி.மு. ஆறாம் நூற்றாண்டு 2019இல் வெளிவந்தபோதும், மயிலாடும்பாறை இரும்பின் கி.மு. 2172 என்னும் காலம் 2022இல் வெளிவந்தபோதும், மறுக்க வந்தவர்கள் ஆய்வகத்தின் அளவீட்டோடு மல்லாடவேண்டியிருந்தது. ஒரு திரிகைக் கல்லுக்கு நாம் இருபதாயிரம் கூறினால், அதைக் காட்டியே கீழடியையும் சேர்த்துக் குப்பையில் தள்ளுவார்கள். எதிரிக்கு ஆயுதம் செய்து கொடுக்கும் பட்டறையா படிப்பகம்?

நெடுநேரம் வாதித்தோம். தேநீர் இருமுறை வந்தது. இறுதியில் தோழரே பழைய அட்டையைக் கிழித்துப் புதியது எழுதினார்: "திரிகையின் மேற்கல். உடைந்தது. காவிரி மணலில் கிடைத்தது. காலம் தெரியாது." மறுநாள் காலை, அளவுகோலும் குறிப்பேடும் எடுத்துக்கொண்டு, அந்தக் கல் எந்த இடத்து மணலோடு வந்ததென்று விசாரிக்கப் புறப்பட்டுவிட்டார்.