பல் கணக்கைத் தாண்டி: ஜம்ப் சைக்கிளுக்கு கிராங்க் தேர்வு

டர்ட் ஜம்ப் சைக்கிள் கட்டணும்னு யார் கிளம்பினாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: முன்னாடி 25 பல், பின்னாடி 12 போடலாமா, இல்லை 36-க்கு 17 போடலாமா? இந்த விவாதத்துக்குக் கிடைக்கும் நேரத்தில் பாதிகூட கிராங்க்குக்கும் அதன் அச்சுக்கும் கிடைப்பதில்லை. எனக்கு இது தலைகீழாகத் தெரிகிறது. பல் கணக்கு ஐந்து நிமிட வேலை. காசு போட வேண்டிய இடம் அச்சு.

கண்ணமங்கலத்தில் இதெல்லாம் எதுக்கு சார் என்று கேட்கலாம். ஜவ்வாது மலை அடிவாரம். கோடையில் ஏரி வற்றினால், கரைச் சரிவில் வேகமெடுத்து, மண்ணைக் குவித்து மேடு கட்டித் தாண்டுவதற்கு ஏற்ற இடம் இங்கே தானாகவே அமைந்துவிடுகிறது. பையன்கள் தாண்டவும் செய்கிறார்கள். எந்த சைக்கிளில் என்பதுதான் என் கவலை.

முதலில் பல் கணக்கை முடித்துவிடுவோம். வீட்டில் இருக்கும் பழைய ரோட்ஸ்டரில் எண்ணிப் பார்த்தேன். செயின் வீலில் 44 பல், ஃப்ரீவீலில் 18, கிராங்க் ஆறரை இன்ச். பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் 2.44 சுற்று சுற்றும். 28 இன்ச் சக்கரத்துக்கு இது ஏறக்குறைய 5.4 மீட்டர். பால் கேனையும் குடத்தையும் கட்டிக்கொண்டு சமதரையில் நிதானமாக மிதிக்க இது சரி. நிமிஷத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 19 கிலோமீட்டருக்கு மேலே போகும். ஆனால் மலைப்பக்கம் ரோடு லேசாகத் தூக்கினாலே இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

(நாமெல்லாம் பழகிய குரங்குப் பெடலும் ஒரு கிராங்க் கதைதான். கால் எட்டாத பையன் முழுச் சுற்று சுற்ற முடியாமல், ஃப்ரீவீல் தரும் வசதியில் அரைச் சுற்று மிதித்து, பின்னால் இழுத்து, மறுபடி அரைச் சுற்று மிதித்தான். சைக்கிள் அவன் அளவுக்கு வரவில்லை, அவன்தான் சைக்கிளின் அளவுக்கு வளைந்தான்.)

ஜம்ப் சைக்கிளின் தேவை வேறு. சக்கரம் 26 இன்ச், டயர் தடிமன், சீட் தாழ்வு, முன்ஃபோர்க்கில் மட்டும் 100 மி.மீ. அளவுக்கு சஸ்பென்ஷன். மேட்டுக்கு முன்னால் நாலைந்து மிதியில் வேகம் பிடிக்கணும், அப்புறம் மிதிப்பதே கிடையாது. அதனால் விகிதம் 2-க்குச் சற்று மேலே இருந்தால் போதும். 25-12 என்றால் ஒரு சுற்றுக்கு 4.4 மீட்டர். 34-16 என்றாலும் 36-17 என்றாலும் சுமார் 4.5 மீட்டர். காலுக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. நிமிஷத்துக்கு நூறு சுற்று மிதித்தால் மூன்றிலும் மணிக்கு 26, 27 கிலோமீட்டர்தான்.

அப்படியானால் சின்ன செயின் வீலுக்கு ஏன் இவ்வளவு மோகம்? ஒரு நியாயமான காரணம் இருக்கிறது. 36 பல் சக்கரத்தைவிட 25 பல் சக்கரம் அடியில் இரண்டு சென்டிமீட்டர் உயரமாக நிற்கும். தாண்டும்போது எட்டாமல் மேட்டின் உச்சியிலேயே விழுந்தால் இந்த இரண்டு சென்டிமீட்டர் பல்லைக் காப்பாற்றும் (சைக்கிளின் பல்லை). எடையும் கொஞ்சம் குறையும். ஆனால் இதுக்கு விலை உண்டு. 80 கிலோ ஆள் 170 மி.மீ. கிராங்க்கில் ஒரே பெடல்மேல் ஏறி நின்றால், 36 பல்லில் செயின் இழுப்பு 187 கிலோ, 25 பல்லில் 269 கிலோ. போதாக்குறைக்கு, 12 பல்லில் செயின் ரொம்பக் கூர்மையாக மடங்கித் திரும்புகிறது, தேய்மானமும் அதிகம்.

அதைவிட முக்கியம், தேய்ந்தால் மாற்றுப் பொருள் எங்கே கிடைக்கும் என்பது. சாதாரண சைக்கிள் ஹப்பின் மரையில் ஏறும் ஃப்ரீவீலில் 16 பல்தான் ஆகச் சின்னது. 14, 15 வேண்டுமென்றால் சின்ன மரை வெட்டிய தனி ஹப் வாங்கணும், 12-க்கு கேசட் ஹப்பே வாங்கணும். இங்கே கடையில் சுலபமாகக் கிடைப்பது 18, தேடினால் 16. தபாலில் வரும் 12 பல் துண்டுக்காக சைக்கிளை மாசக்கணக்கில் சுவரில் சாய்த்து வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஊர்க் கடையில் எது கிடைக்கிறதோ அதைப் பின்னால் போட்டு, அதை இரண்டு சொச்சத்தால் பெருக்கி முன்னால் போடுங்கள். 16-க்கு 34, 18-க்கு 38. அடியில் ஒரு பாதுகாப்புத் தகடு மாட்டினால் உயரப் பிரச்சினையும் பெரும்பாலும் தீர்ந்துவிடும். பல் கணக்கு முடிந்தது.

இனி அச்சு. தாண்டி இறங்கும்போது ஓட்டுகிறவன் இரண்டு பெடலையும் தரைக்கு இணையாக வைத்து நிற்கிறான். முன்கால் தன் கிராங்க்கை முன்பக்கமாகச் சுழற்றப் பார்க்கும். பின்கால் தன் கிராங்க்கைப் பின்பக்கமாகச் சுழற்றப் பார்க்கும். இரண்டு காலிலும் பாரம் சமம் என்றால் செயினுக்கு ஒன்றுமே போகாது. ஈரத்துணியை இரண்டு கையால் பிழிகிற மாதிரி, மொத்த முறுக்கும் நடுவில் இருக்கும் அச்சில்தான் விழும். 60 கிலோ பையன், இறங்கும் அதிர்ச்சி எடையின் நாலு மடங்கு என்று வைத்துக்கொள்வோம். ஒரு காலுக்கு 120 கிலோ, 17 சென்டிமீட்டர் நெம்புகோல், ஆக 200 நியூட்டன் மீட்டர் முறுக்கு. ஒவ்வொரு தாண்டலுக்கும் இது ஒரு தடவை.

இதை ரோட்ஸ்டரின் காட்டர் பின்னிடம் கொடுத்துப் பாருங்கள். பென்சில் தடிமனைவிடக் கொஞ்சம் பெரிய ஆணி, அச்சின் ஓரத்தில் ஒரு வெட்டில் ஆப்பு மாதிரி உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சின்ன ஆரத்தில் 200 நியூட்டன் மீட்டர் என்றால் ஆணியின் மேல் இரண்டு டன்னுக்கு மேல் பாரம். முதலில் ஆடும், அப்புறம் நசுங்கும். சதுர முனை அச்சு இதைவிட மேல், ஆனால் மூலைகளில் தகைவு குவிகிறது. ஜம்ப் வேலைக்கு என்றே வந்தது ஸ்ப்லைன் வெட்டிய அச்சு. 19 மி.மீ. அச்சில் சுற்றிலும் 48 சின்னப் பற்கள், எல்லாம் பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். 22 மி.மீ. இன்னும் மேல். முறுக்கு தாங்கும் சக்தி விட்டத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறுவதால், இந்த மூன்று மி.மீ.யே அதே உருக்கில் ஒன்றரை மடங்கு பலம் தருகிறது.

என் உண்மையான புகார், தடிமன் டயரும் முன்சஸ்பென்ஷனும் போட்டு மலை சைக்கிள் வேஷத்தில் விற்கப்படும் மலிவு வண்டிகள்மேல்தான். வெளித்தோற்றம் 'தாண்டு' என்கிறது, உள்ளே இருக்கும் அச்சு 'கடைக்குப் போய் வா' என்கிறது. சைக்கிள்களைப் பயன்பாட்டு வாரியாகப் பிரிக்கும் ஏ.எஸ்.டி.எம். தரநிலையில் இரண்டாம் வகை 15 சென்டிமீட்டர் விழுவதற்கு மட்டுமே, மூன்றாம் வகை 61, நான்காம் வகை 122. ஏரிக்கரைப் பையன்கள் மூன்றாம் வகையைச் சாதாரணமாகத் தாண்டுகிறார்கள். எத்தனை சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழலாம் என்று சட்டத்தின்மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்ட எவ்வளவு செலவாகிவிடும்? கிராங்க் உடைவதற்கு முன்னால் எச்சரிக்கை கொடுக்கும் என்று நம்ப முடியாது. கொடுத்தாலும் 'டக் டக்' சத்தம்தான், அதுக்கு எண்ணெய் விட்டுவிட்டு மறுபடி தாண்டுவார்கள்.

நான் இப்போது ஒரு சொந்தக்காரப் பையனுக்குப் போட்டுக் கொடுத்திருக்கும் பட்டியல் இது: குரோமோலி குழாயில் செய்த மூன்று துண்டு கிராங்க், 22 மி.மீ. அச்சு, நீளம் 170. 175 போட்டால் கால் அகலம் கூடி நிற்க நன்றாக இருக்கும், ஆனால் அச்சின் முறுக்கும் சேர்ந்து கூடும். அவன் உயரத்துக்கு 170 போதும். முன்னால் 34, பின்னால் 16 ஃப்ரீவீல், கடையில் கிடைக்கும் எட்டில் ஒரு இன்ச் அகல செயின். செலவில் பெரும்பங்கு கிராங்க்குக்கே போகிறது. சீட்டும் ஹேண்டில்பாரும் பழசிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். பழைய பெடலை மட்டும் மாட்டும் முன் மரையைப் பார்க்கணும்: ஒற்றைத்துண்டு கிராங்க்கில் இருந்து கழற்றினது அரை இன்ச், இதுக்கு வேண்டியது 9/16.