ஒரு காயின் பிள்ளைகள்

கொழும்பில் ஓர்கிட் கண்காட்சி என்றால் இப்போது ஒரு புதிய பெருமை கூடவே வருகிறது. பரிசு பெற்ற சாடியில் ‘விதையிலிருந்து வளர்த்தது’ என்று எழுதி வைக்கிறார்கள். அழிந்துவரும் இனத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று வளர்ப்பவரும் சொல்கிறார், பரிசு கொடுப்பவரும் சொல்கிறார். எங்கள் முகத்துவாரத்தில் உப்புக்காற்றுக்கு மறைப்புக் கட்டி, நிழல் வலைக்குள் வளர்ப்பவர்கள்வரை இந்தப் பேச்சு வந்துவிட்டது.

அவர்களுடைய உழைப்பைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஓர்கிட் விதை தூசி போன்றது. அதற்குள் உணவுச் சேமிப்பு கிட்டத்தட்ட இல்லை. காட்டில் ஒரு பங்கசு ஊட்டினால்தான் அது முளைக்கும். சீனி கலந்த அகாரில் பங்கசு இல்லாமலே முளைக்க வைக்கலாம் என்று 1922இல் லூயிஸ் நட்சன் காட்டிய பிறகு, ஒரே காயிலிருந்து ஆயிரக்கணக்கில் கன்றுகள் எடுக்க முடிந்தது. கன்று மலிந்தால் காட்டில் பிடுங்குவது குறையும். முதல் பூவுக்கு வருடக்கணக்கில் காத்திருக்கும் பொறுமையும் பெரியதுதான்.

ஆனால் அந்த ஆயிரமும் யாருடைய பிள்ளைகள்?

வெசாக் ஓர்கிட்டையே எடுத்துக்கொள்வோம். தெண்ட்ரோபியம் மக்கார்த்தியே என்று 1855இல் பெயர் பெற்ற இந்தச் செடி, இலங்கையின் ஈரவலயத் தாழ்நிலக் காடுகளைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. வீட்டில் வளர்ப்பவரிடம் பெரும்பாலும் ஒரு செடிதான் பூத்திருக்கும். அதன் மகரந்தத்தை அதற்கே வைப்பார். இரண்டு செடி இருந்தாலும் இரண்டும் ஒரே வியாபாரியிடம் வாங்கியவையாக இருக்கும். காய் முற்றுகிறது, போத்தல்கள் நிறைகின்றன, நண்பர்களுக்கும் பங்கு போகிறது. அடுத்த தலைமுறையில் கூடப்பிறந்தவற்றுக்குள்ளேயே மகரந்தம் மாறுகிறது. பத்தாயிரம் சாடி நிறைந்தாலும் காட்டின் பல்வகைமையிலிருந்து அதற்குள் வந்தது ஒன்றிரண்டு செடி கொண்டுவந்த பங்கு மட்டும்தான்.

அந்தப் பங்கிலும் தெரிவு நடக்கிறது. போத்தலில் முந்தி முளைத்ததைப் புது அகாருக்கு மாற்றுகிறார்கள். பிந்தியதைக் கழுவி ஊற்றுகிறார்கள். சீனியில் மெதுவாக வளர்ந்தது மரப்பட்டையில் நின்றுபிடிக்கக்கூடியதாக இருந்திருக்கலாம். அதைப் பார்க்க யாரும் காத்திருப்பதில்லை. பிறகு நடுவர்கள் வருகிறார்கள். அகன்ற இதழுக்கும் அழுத்தமான நிறத்துக்கும் புள்ளி கொடுக்கிறார்கள்; புள்ளி பெற்றதுதான் அடுத்த தாய். தாய்லாந்தில் ரிங்கோஸ்டைலிஸ் ஜிகாண்டியாவுக்கு இதுதான் நடந்தது. காட்டில் வெள்ளையில் ஊதாப் புள்ளி கொண்ட பூ, தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுக்கப்பட்டு, சந்தையில் முழுச் சிவப்பாகவும் தூய வெள்ளையாகவும் நிற்கிறது. பூ வியாபாரமாக அதில் குறை காண ஒன்றுமில்லை. அதன் நெருங்கிய உறவான எங்கள் மட்டக்களப்பு ஓர்கிட்டையும் அப்படி வளர்த்துவிட்டு இனத்தைக் காத்தோம் என்று சொன்னால் அது பொய்.

காடே போய்விட்டால் இதாவது மிஞ்சுமே என்பார்கள். மிஞ்சியதை எந்தக் காட்டில் திருப்பி வைப்பது? சிங்கராஜவிலா, கன்னெலியவிலா? தாய் எங்கிருந்து வந்தது என்று எழுதி வைக்காதவரிடம் இதற்குப் பதில் இல்லை. ஒழுங்கான தாவரவியல் பூங்காக்கள் ஒவ்வொரு செடிக்கும் இலக்கம், எடுத்த இடம், திகதி என்று பதிவேடு வைப்பது இதற்காகத்தான். மாடியில் வளர்ப்பவருக்கு ஒரு கொப்பி போதும். அதுகூட இல்லாததற்குக் காரணம் சோம்பல் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. தாய் எங்கே கிடைத்தது என்று கேட்டால், ஒதுக்குக்காட்டிலிருந்து யாரோ களவாகப் பிடுங்கியதாக இருக்கும் என்ற பயமும் உண்டு. ‘விதையிலிருந்து’ என்ற ஒரு சொல் அந்தக் கேள்வியை மூடிவிடுகிறது. பெற்றோர் தெரியாத பத்தாயிரம் கன்றைவிட, இடம் தெரிந்த இருபது தாய்களின் இருபது கன்று எனக்கு மேல்.

கண்காட்சி நடத்துபவர்கள் மூன்று விபரம் கேட்கட்டும்: தாய் எந்த இடத்துச் செடி, மகரந்தம் எந்தச் செடியுடையது, எத்தனை பெற்றோர். இவை இல்லாத சாடிக்கு அழகுக்கான பரிசைத் தாராளமாகக் கொடுக்கலாம். இனத்தைக் காத்ததற்கென்று ஒரு கிண்ணமும் கொடுக்கக் கூடாது.