பதினாறு அடுக்கில் அடங்காத சுரம்

வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்கிறவர்கள் ஒரு மெய்நிகர் இசைக்கருவியை வாங்கும்முன் கேட்கும் முதல் கேள்வி, "சவுண்ட் எப்படி இருக்கு?" என்பதுதான். எவ்வளவு ரேம் பிடிக்கும், பாதி வேலையில் ஹேங் ஆகுமா, ஐந்து வருடம் கழித்து அதே புராஜெக்டைத் திறந்தால் அதே சத்தம் வருமா என்பதையெல்லாம் வாங்கிய பிறகுதான் யோசிக்கிறோம். தரம் வேறு, நிலைப்பு வேறு என்று பிரித்துப் பார்க்கும் இந்தப் பழக்கம் நம் பணத்தையும் நேரத்தையும் தவறான இடத்தில் போட வைக்கிறது. மென்பொருள் தடுமாறுவதற்கான காரணம் பல சமயம் நாம் அதனிடம் கேட்கும் ஒலியிலேயே இருக்கிறது. எந்தக் கருவியைச் சாம்பிள்களால் கட்ட முடியும், எதை முடியாது என்று தெரிந்துகொண்டால் சிக்கலில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

வெற்றியை முதலில் சொல்லிவிடுகிறேன். பியானோ விஷயத்தில் இந்த மென்பொருள்கள் சாதித்திருப்பது பெரிய காரியம். சாலமாண்டர் கிராண்ட் பியானோ என்று ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது. யமஹா சி5 பியானோ ஒன்றில், மூன்று அரைச்சுரத்துக்கு ஒரு கட்டை வீதம் எடுத்து, ஒவ்வொரு கட்டையையும் மெதுவான தொடுதலில் தொடங்கி ஓங்கி அடிப்பதுவரை பதினாறு அழுத்தங்களில் பதிந்திருக்கிறார்கள். 88 கட்டைக்கு 30 இடங்கள். ஆக 480 பதிவுகள். கட்டையிலிருந்து விரலை எடுக்கும்போது எழும் சிறு சத்தங்களைக்கூடத் தனியாகப் பதிந்திருக்கிறார்கள். சாதாரண லேப்டாப்பில் இதை ஏற்றி, ஒரு நல்ல ஹெட்போனில் கேட்டால், பாட்டுக்குப் பின்னணியாக வாசிக்கும் அளவில் குறை சொல்ல ஒன்றும் இருக்காது.

இது சாத்தியமானதற்குக் காரணம் பியானோவின் இயல்பு. விரல் கட்டையை அழுத்துகிறது. சுத்தியல் எழும்பித் தந்தியில் பட்டுத் திரும்பிவிடுகிறது. அதன்பிறகு அந்தச் சுரத்தின் உள்ளே வாசிப்பவரால் எதையும் மாற்ற முடியாது. நிறுத்தலாம், பெடலால் நீட்டலாம், அவ்வளவே. ஆகவே எவ்வளவு வேகமாக அடித்தார் என்ற ஒரே தகவல் தெரிந்தால் ஒலியின் பெரும்பகுதி தெரிந்துவிடும். 1983-ல் வந்த மிடி முறை அந்தத் தகவலை 127 படிகளில் அனுப்புகிறது. பதினாறு அடுக்கு என்றால் ஏறக்குறைய எட்டுப் படிக்கு ஒரு பதிவு, போதுமானது. ட்ரம்ஸ், மணிகள், மரிம்பா, மீட்டிவிட்டால் போதும் என்ற தம்பூரா, எல்லாம் இந்த வகையில் வரும். தட்டிவிட்டுக் கையை எடுத்துவிடும் கருவிகள் என்று இவற்றைச் சொல்லலாம்.

சிக்கல் அடுத்த வகையில்தான். வீணை, வயலின், நாகஸ்வரம், புல்லாங்குழல் இவற்றில் சுரம் முடியும்வரை கலைஞரின் விரலோ வில்லோ மூச்சோ அதைவிட்டு நீங்குவதில்லை. தோடியின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கீபோர்டில் அது ஒரு கட்டை. பாடும்போதோ வாசிக்கும்போதோ அது ஓரிடத்தில் நிற்பதே இல்லை. மத்யமத்தைத் தொட்டும் தொடாமலும் இறங்கி அசைகிற அந்த அசைவுதான் காந்தாரம். அதை மென்பொருளில் கொண்டுவர நாம் கையில் எடுப்பது பிட்ச் வீல். வழக்கமான அமைப்பில் அது மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு அரைச்சுரம் நகரும்; அந்தத் தூரத்தை 16,384 படிகளாகப் பிரிக்கிறது. அசைவின் நுணுக்கத்துக்கு அது தாராளம்.

அப்படியிருந்தும் காது ஏன் ஏற்க மறுக்கிறது? வீணையில் மெட்டின்மேல் தந்தியை இழுக்கும்போது தந்தியின் சுருதிதான் மாறுகிறது. பலா மரத்துக் குடம் அப்படியே இருக்கிறது. அதன் உடல் அதிர்வுகள் தம் இடத்தைவிட்டு நகர்வதில்லை. சாதாரண சாம்பிள் மென்பொருளோ பதிவு முழுவதையும் வேகமாகவோ மெதுவாகவோ ஓட்டிச் சுருதியை மாற்றுகிறது. அதனால் தந்தியோடு குடமும் சேர்ந்து சுருங்குகிறது, விரிகிறது. ஒரு கமகத்துக்குள் நொடிக்குப் பலமுறை வீணையின் அளவே மாறுவதுபோன்ற ஒலி அது. சாம்பிளை எவ்வளவு உயர்ந்த மைக்கில், எவ்வளவு நல்ல அறையில் பதிந்திருந்தாலும் இந்தக் கோளாறு போகாது. ஒவ்வொரு சுரத்துக்கும் தனித்தனி வளைவு அனுப்ப வழிசெய்த எம்.பி.இ. முறை 2018-ல் மிடியோடு சேர்க்கப்பட்டது. கையின் கட்டுப்பாடு அதனால் கூடியது உண்மை. குடம் சுருங்கும் பிரச்சினைக்கு அது மருந்தில்லை.

லைப்ரரி தயாரிப்பவர்கள் இதற்குக் கண்டுபிடித்த வழி, கமகத்தோடு கூடிய சங்கதிகளை முழுதாக வாசிக்க வைத்துப் பதிந்து தருவது. நன்றாகவே ஒலிக்கின்றன. பாட்டின் இரண்டு வரிகளுக்கு நடுவே ஒரு நாகஸ்வரக் கீற்று வேண்டும் என்றால் அது போதும். ஆனால் அது வேறொருவரின் கற்பனையில் பிறந்த சங்கதி. உங்கள் மெட்டு அதற்குப் பொருந்தி வளைய வேண்டியிருக்கிறது. ஒரே சங்கதியைப் பல பாட்டுகளில் கேட்டு அடையாளம் கண்டுகொள்ளும் நிலையும் வந்துவிட்டது. இசையமைப்பாளர் என்ற முறையில் இது சின்ன இழப்பில்லை.

மிருதங்கம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வலந்தலையின் நம், தின், சாப்பு எல்லாம் தட்டிவிட்டு விடும் ஒலிகள். தொப்பியில் மணிக்கட்டை அழுத்தி இழுக்கும் கும்கி, கை விடாத ஒலி. முன்னதையாவது மென்பொருள் சரியாகச் செய்கிறதா என்றால், அங்கும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே பதிவு திரும்பத் திரும்ப ஒலித்தால் எந்திரத்தனம் தெரியும் என்பதால் ஒவ்வொரு சொல்லுக்கும் நான்கு மாற்றுப் பதிவுகளை வைத்து வரிசையாகச் சுற்றவிடுவார்கள். ரவுண்ட் ராபின் என்று பெயர். நிமிடத்துக்கு 120 அடி, சதுஸ்ர நடையில் அடிக்கு நான்கு தட்டு என்று ஒரே 'நம்'மை ஓட்டிப் பாருங்கள். நான்கு பதிவுகளும் சரியாக ஓர் அடிக்குள் சுற்றி முடிகின்றன. ஒவ்வோர் அடியின் தொடக்கத்திலும் அதே பதிவு வந்து விழுகிறது. சலிப்பை மறைக்க வைத்த ஏற்பாடே தாளத்தோடு ஒட்டிக்கொண்டு சலிப்பைக் காட்டிக் கொடுக்கிறது. திஸ்ர நடைக்கு மாற்றினால் உடனே ஓரளவு உயிர் வருவதைக் கேட்கலாம், ஏனென்றால் மூன்றும் நான்கும் ஒட்டவில்லை. நான்குக்குப் பதிலாக ஐந்தோ ஏழோ பதிந்திருந்தால் சதுஸ்ரத்திலும் தப்பியிருக்கும். நம் தாளத்தை அறிந்தவர் ஒருவர் வடிவமைப்பில் இருந்திருந்தால் செலவே இல்லாமல் தீர்ந்திருக்கும் குறை இது. இந்தியக் கருவிகளுக்கான லைப்ரரியை எடைபோடும்போது நான் முதலில் தேடுவது இந்த அறிவைத்தான், எத்தனை ஜி.பி. என்பதை அல்ல.

ஆனால் தொழிலில் எல்லாக் குறைக்கும் ஒரே பதில்: இன்னும் அதிகப் பதிவுகள். இன்னும் அடுக்குகள், இன்னும் மாற்றுப் பதிவுகள், ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் ஒவ்வொரு ஜோடிக்கும் தனிப் பதிவு, அருகே ஒரு மைக், தூரத்தில் ஒரு மைக். 1988-ல் வந்த அகாய் எஸ்1000 சாம்பிளரில் தொடக்க நினைவகம் 2 எம்.பி.; ஒற்றைச் சேனலில் கணக்கிட்டால் சுமார் 24 நொடி ஒலி. 1998-ல் கிகாசாம்ப்ளர் வந்து, ஒவ்வொரு பதிவின் தலைப்பகுதியை மட்டும் ரேமில் வைத்து மீதியை ஹார்ட் டிஸ்கிலிருந்து ஓடஓட எடுக்கும் முறையைக் கொண்டுவந்ததும் அளவுக்கு வரம்பில்லாமல் போயிற்று. இன்றைய கான்டாக்ட் லைப்ரரிகள் பல ஜி.பி. இருப்பது அந்த வழியில்தான். அத்தனையும் வீட்டு லேப்டாப்பின்மேல் வந்து இறங்குகிறது.

இறங்கும்போது நடப்பது என்ன? ரெக்கார்டிங் மென்பொருள் ஒலியைச் சிறு துண்டுகளாகத் தயாரித்து ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. பஃபர் 256 என்று வைத்தால், நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற கணக்கில், ஒரு துண்டின் நீளம் 5.8 மில்லி செகண்ட். அந்த நேரத்துக்குள் வயலின் கூட்டம், பியானோ, மிருதங்கம், எதிரொலி எல்லாவற்றின் கணக்கும் முடிந்தாக வேண்டும். இப்படி நொடிக்கு 172 தடவை. ஒரே ஒரு தடவை தாமதித்தாலும் காதில் 'டிக்' என்று விழும். பஃபரை 1024-க்கு ஏற்றினால் மூச்சுவிட இடம் கிடைக்கும். ஆனால் கட்டையை அழுத்தி 23 மில்லி செகண்ட் கழித்துத்தான் சத்தம் வரத் தொடங்கும், தாளம் வாசிக்கிறவர் கை தடுமாறிவிடும். சராசரி வேகம் இங்கே உதவாது. மிக மோசமான ஒரு கணத்தில் கணினி என்ன செய்கிறது என்பதுதான் கணக்கு. சித்திரை வெயிலில் ஏ.சி. இல்லாத அறையில், சூடு தாங்காமல் லேப்டாப்பின் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். காலையில் சுத்தமாக ஓடிய புராஜெக்ட் மதியம் கரகரக்கும். லைப்ரரியைக் குறைசொல்லி மறுபடி இன்ஸ்டால் செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். விசிறியைத் துடைத்து, லேப்டாப்பைச் சற்று உயர்த்தி வைத்தால் பல சமயம் சரியாகிவிடுகிறது. தனி ஆடியோ இன்டர்ஃபேஸ் இல்லாமல் லேப்டாப்பின் சவுண்ட் கார்டை நம்பி வேலை செய்கிறவர்களுக்கு இந்த நெருக்கடி இன்னும் கூடுதல்.

கரகரப்பைவிடக் கொடியது மொத்தமாக மூடிக்கொள்வது. ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1996-ல் வி.எஸ்.டி. முறையைக் கொண்டுவந்து, 1999-ல் அதில் இசைக்கருவிகளையும் சேர்த்தது. யார் எழுதிய கருவியையும் யாருடைய மென்பொருளிலும் செருகலாம் என்ற அந்தத் திறப்புதான் வீட்டு ஸ்டுடியோவை உண்டாக்கியது. அந்த நன்றியை மறக்க முடியாது. ஆனால் பொதுவாக எல்லாப் பிளக்-இன்களும் தாய் மென்பொருளோடு ஒரே படகில் போகின்றன. ஒன்றில் ஓட்டை விழுந்தால் சேமிக்காத பாட்டோடு படகே மூழ்கும். 2014-ல் வந்த பிட்விக், பிளக்-இன்களைத் தனியாகப் பிரித்து ஓட்டியது. ஒன்று செத்தால் அந்த ட்ராக் மட்டும் ஊமையாகும். ரீப்பரிலும் விரும்பிய பிளக்-இன்னை அப்படித் தனியே ஓட்டலாம். கொஞ்சம் கூடுதல் சுமைதான். நேரலையாகப் பாடகரை வைத்துக்கொண்டு வேலை செய்யும்போது அந்தச் சுமையை ஏற்பதே புத்திசாலித்தனம் என்பேன். கிராக் செய்த பிளக்-இன்கள் நம் வீட்டு ஸ்டுடியோக்களில் புழங்குவது தெரிந்ததுதான். பூட்டை உடைத்தவன் உள்ளே வேறெதை உடைத்தான் என்று யாருக்கும் தெரியாது. அவற்றை வைத்துக்கொண்டு ஒரு மென்பொருளின் நிலைப்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது நியாயமும் இல்லை.

ஆண்டுக்கணக்கில் நீளும் நிலைப்பு இன்னொன்று உண்டு. 2016-ன் இறுதியில் கியூபேஸ் 9, 32-பிட் பிளக்-இன்களைக் கைவிட்டது. 2019-ல் ஆப்பிளின் கேட்டலினா 32-பிட் மென்பொருள்கள் அனைத்தையும் நிறுத்தியது. 2017 நவம்பரில் கிப்ஸன் நிறுவனம் கேக்வாக்கின் வேலையை நிறுத்தியபோது, மறு ஆண்டு பேண்ட்லேப் அதை வாங்கும்வரை, அந்நிறுவனத்தின் சோனார் மென்பொருளில் வருடக்கணக்காகப் பாட்டுச் சேர்த்து வைத்தவர்கள் கதி என்ன என்று தெரியாமல் இருந்தார்கள். ஒரு கருவியின் ஒலி எவ்வளவு உயர்வாக இருந்தாலும், அதைத் திறக்க ஒரு நிறுவனத்தின் சர்வர் அனுமதி வேண்டும் என்றால், அந்த நிறுவனத்தின் ஆயுள்தான் நம் பாட்டின் ஆயுள். இந்த இடத்தில் சாலமாண்டர் மறுபடி நினைவுக்கு வருகிறது. அது எஸ்.எஃப்.இஸட். வடிவில் கிடைக்கிறது. எந்தக் கட்டைக்கு எந்தப் பதிவு என்ற விவரம் சாதாரண உரைக் கோப்பாக இருக்கிறது. நோட்பேடில் திறந்து படிக்கலாம். ஓட்டும் மென்பொருள் நாளை மறைந்தாலும் வேறொருவர் எழுதிவிட முடியும். 2018-ல் மூலநிரலோடு பொதுவில் விடப்பட்ட சர்ஜ் சிந்தசைசருக்கும் இதே பலம் உண்டு. மதிப்புரைகளில் இந்தக் குணத்துக்கு மதிப்பெண் தரப்படுவதே இல்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

சாம்பிளே இல்லாமல் கணக்கால் ஒலி எழுப்பும் வழியும் வளர்ந்துவருகிறது. பிரான்ஸின் துலூஸிலிருந்து 2006-ல் வந்த பியானோடெக் சில பத்து எம்.பி.க்குள் முழுப் பியானோவையும் அடக்குகிறது. ஸ்வாம் கருவிகள் வயலினையும் காற்றுக் கருவிகளையும் அதே வழியில் செய்கின்றன. இவற்றில் உடல் வேறு, தந்தி வேறு என்று கணக்கிட முடிவதால், வளைக்கும்போது குடம் சுருங்க வேண்டிய கட்டாயமில்லை. நம் வீணைக்கும் நாகஸ்வரத்துக்கும் விடிவு வருமானால் இந்தப் பக்கத்திலிருந்துதான் வரும் என்று நம்புகிறேன். அதுவரை, பாட்டில் அந்தக் கருவி முன்னால் வந்து பேசவேண்டும் என்றால், ஒரு கலைஞரை அழைத்து அவருக்குரிய சன்மானம் கொடுத்து ஒரு மைக்கின்முன் உட்கார வைப்பதே தரத்திலும் நிலைப்பிலும் மேல். அந்தப் பதிவு வெறும் வேவ் கோப்பு. எந்தக் கணினியிலும் திறக்கும், பிராசஸருக்கு ஏறக்குறைய சுமையே இல்லை.

மெய்நிகர்க் கருவி ட்ராக்குகளையும் வேலை முடிந்ததும் பவுன்ஸ் செய்து வேவ் கோப்பாக்கிவிடுங்கள் என்று அனுபவசாலிகள் எல்லாரும் சொல்வார்கள். சரியான யோசனை, ஒரு குறையோடு. பாடகர் வந்து, "அரைக்கட்டை இறக்குங்க, மேல எட்டல" என்பார். மிடியாக இருந்தால் ஒரு நொடி வேலை. பவுன்ஸ் செய்த ஆடியோவை இறக்கினால் மறுபடியும் அந்தக் குடம் விவகாரம்தான். ஆகவே இரண்டையும் வைத்துக்கொள்ள வேண்டும்: ஒவ்வொரு ட்ராக்குக்கும் வேவ் கோப்பு, பக்கத்திலேயே அதன் மிடி கோப்பு, எந்தக் கருவி, எந்தப் பதிப்பு, எந்த ஒலி என்று எழுதிய ஒரு சிறு உரைக் கோப்பு. பாடகர் சுருதியை முடிவு செய்து, ஒருமுறை முழுதாகப் பாடிப் பார்த்த பிறகு பவுன்ஸ் செய்வது நல்லது. அதற்கு முன்னால் செய்தால் வேலை இரட்டிப்பாகும்.