ஓட்டையை விட்டுவைத்த கை

அமெரிக்க கன்ட்ரி இசைக் கலைஞர் வில்லி நெல்சனின் கிதாரைப் படத்தில் பார்த்தால் கண் ஓரிடத்தில்தான் போய் நிற்கும். ஒலித்துளைக்கும் பிரிட்ஜுக்கும் இடையே, தந்திகளுக்குச் சற்றுக் கீழே, இன்னொரு ஓட்டை. எந்தத் தச்சரும் இழைத்ததல்ல. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே மனிதர் ஓயாமல் வாசித்து வாசித்துத் தேய்த்தது. பாட்டி வீட்டு அம்மிக்கல்லின் நடுக்குழிபோல, கை போன வழி அதில் தெரிகிறது.

பார்த்ததும் 'ஐயோ' என்று நகர்ந்துவிடாமல், கொஞ்சம் நின்று பாருங்கள். வட்டமுமில்லை, நீள்வட்டமுமில்லை. ஒலித்துளையின் வட்டத்தில் ஒரு கச்சிதம் உண்டு. பக்கத்தில் இருக்கும் இந்த ஓட்டைக்கோ வாசிப்பவரின் மணிக்கட்டு எந்தப் பக்கம் சாயும், விரல் எங்கே வந்து இறங்கும் என்பதுதான் வடிவம். மேற்பலகை ஸ்புரூஸ் மரம். மயிரிழைபோல் நெருங்கி ஓடும் அதன் ரேகைகளில் இளவரி மென்மை, முதுவரி கடினம். தேயும்போது மெல்லியது முந்திக்கொள்ளும், வலியது சற்றுத் தாமதிக்கும்.

இது தேய்ந்ததற்குக் காரணமும் அழகானது. மார்ட்டின் கம்பெனியின் இந்த என்-20, நைலான் தந்தி பூட்டிய கிளாசிக்கல் கிதார். விரலால் வருடி வாசிக்கச் செய்தது என்பதால், மரத்தைக் காக்கும் பிக்கார்டு தகடு இதில் கிடையாது. நெல்சனோ பிக் எனும் சிறு சில்லால் தந்தியைத் தட்டி வாசிப்பவர். ஜாஸ் கிதார் மேதை ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் நாதத்தின் மேல் மாளாத மோகம் வேறு. அந்தக் காதலுக்கு மரம் கொடுத்த விலைதான் இந்த ஓட்டை.

1969-இல் இது அவர் கைக்கு வந்ததே ஒரு ரிப்பேர் வேலையின் வழியாகத்தான். அவருடைய பழைய பால்ட்வின் கிதார் உடைந்துபோக, நாஷ்வில்லில் கிதார் பழுதுபார்க்கும் ஷாட் ஜாக்சனிடம் அனுப்பினார். அது தேறாது என்று கண்ட ஜாக்சன், அதிலிருந்த, ஒலியை மின்னாக்கும் பிக்கப்பைக் கழற்றி இந்த மார்ட்டினுக்குள் பொருத்தினார். நேரில் பாராமலே 750 டாலருக்கு வாங்கினார் நெல்சன். கௌபாய் நடிகர் ராய் ரோஜர்ஸ் ஏறிவந்த குதிரையின் பெயரையே இதற்கும் சூட்டினார்: டிரிகர். கிதாருக்குக் குதிரையின் பெயர் வைக்கிற மனிதரை எப்படிப் பிடிக்காமல் போகும்!

இனி மேற்பலகையில் உள்ள கையெழுத்துகளைப் பாருங்கள். முதலில் கீறியவர் பாடகர் லியான் ரஸ்ஸல். பிறகு நண்பர்களும் சக கலைஞர்களும் சேர நூற்றைத் தாண்டிவிட்டது. சில தெளிவாக நிற்கின்றன. சில கை உரசி உரசி மங்கி, பெயரா மரத்தின் ரேகையா என்று மயங்க வைக்கின்றன. பலகையை இழைத்து, புது லாக்கர் பூசி மினுக்கிவிட்டால் முதலில் போவது இவைதான். பழைய கிதார்களை நேசிப்பவர்கள் முழுப் பூச்சு என்றாலே முகம் சுளிப்பது சும்மா இல்லை.

அப்படியானால் பழுதே பார்க்கவில்லையா? பார்க்காமல் எப்படி! டெக்சாஸின் ஆஸ்டினில் மார்க் எர்லிவைன் என்ற கிதார் கைவினைஞர் 1970-களிலிருந்து இதைப் பேணி வருகிறார். என் மனத்தை மிகவும் கவர்ந்த நுட்பம், அவர் எதைத் தொட்டார், எதைத் தொடவில்லை என்பதில் இருக்கிறது. தந்திகளின் இழுவிசை ஒரு நொடியும் ஓயாது. ஓட்டை விழுந்த பலகை அந்த இழுப்பில் நெளியத்தான் பார்க்கும். அவர் உள்ளே தாங்குமரங்களை வலுவூட்டுகிறார். வெளியே லாக்கரை மெல்லிய காப்பாக மட்டும் இடுகிறார். ஓட்டையை மூடவில்லை. ஒட்டுப்போடுவது அவர் கைக்குப் பெரிய வேலையா என்ன? ஆனால் புதுமரத்தின் சிறு துண்டும் எடையைக் கூட்டும், அதிர்வை மாற்றும். அடியெல்லாம் வாங்கிக் கனிந்த மரத்தின் குரலோடு அது ஒத்துப்போகும் என்று யார் உறுதி சொல்வது? உள்ளே துணிவு, வெளியே அடக்கம். பழுது பார்ப்பதில் இதைவிட நேர்த்தியை நான் கண்டதில்லை.

முதுகையும் பக்கங்களையும் யாரும் அவ்வளவாகப் பார்ப்பதில்லை. அவை பிரேசிலின் ரோஸ்வுட். ஆழ்ந்த செம்பழுப்பில் கருவரிகள் ஓடும் மரம். டிரிகர் நெல்சனிடம் வந்த காலத்தில்தான் மார்ட்டின் கம்பெனி அந்த மரத்தை விட்டு இந்திய ரோஸ்வுட்டுக்கு, அதாவது நம் மலைகளின் ஈட்டிக்கு மாறிக்கொண்டிருந்தது. மயிரிழையில் தவறிவிட்டது, இல்லையென்றால் டிரிகர் நமக்குச் சொந்தக்காரனாகியிருப்பான்!

கண்ணால் பார்த்தது போதாது. 1975-இல் வெளிவந்த 'ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்' ஆல்பத்தை ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள். பக்கவாத்தியம் மிகக் குறைவு என்பதால் கிதார் காதருகே வந்து உட்கார்ந்துகொள்ளும். தாளத்துக்கு ஒரு கணம் பிந்தி, பிறகு முந்தி, தன்போக்கில் நடக்கும். நைலானின் கனிவுக்கு நடுவே பிக்கின் சின்னச் சின்னத் தட்டல்கள் கேட்கும். மேற்பலகையைத் தேய்த்தது அந்தக் கைதான்.