எரியும் பனிக்காடு: காய்ச்சலின் காரணமும் மரணத்தின் காரணமும்

பி. எச். டானியல் 'ரெட் டீ' என ஆங்கிலத்தில் 1969இல் வெளியிட்ட நாவல், இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' எனத் தமிழுக்கு 2007இல் வந்தது. ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களே அதன் களம். எனினும் பசறைத் தோட்டங்களின் வரலாற்றை அறிந்த வாசகருக்கு அது அந்நியமான களமன்று. அங்கே மேஸ்திரி, இங்கே கங்காணி. கடனால் உழைப்பைப் பிணைத்த முறை ஒன்றே.

இந்நாவலில் காய்ச்சல் ஊழ்வினையாகக் காட்டப்படவில்லை. தோட்ட மருத்துவராகப் பணியாற்றிய டானியல் அதனை உழைப்பு நிலைமைகளோடு இணைத்தே நோக்குகிறார். இது வெறும் மனிதாபிமானப் பார்வையன்று என்பதை இன்றைய அறிவியலும் உணர்த்துகின்றது.

மலேரியா ஒட்டுண்ணி ஒரு தனிக்கல உயிரி. அதன் மேற்பரப்புப் புரதங்கள் பலவற்றைக் கலமென்சவ்வோடு பிணைத்து வைப்பது ஒரு வெல்லச் சங்கிலி. மனோசும் குளுக்கோசமைனும் அதன் முக்கிய கூறுகள். நோயுற்ற செங்குருதிக் கலங்கள் வெடிக்கும்போது வெளிப்படும் இச்சங்கிலிகள், உடலின் எதிர்ப்புக் கலங்களைக் கிளர்த்துகின்றன. காய்ச்சலுக்கு இக்கிளர்ச்சியும் ஒரு காரணம். 2002இல் லூயிஸ் ஷோஃபீல்ட் குழுவினர் அச்சங்கிலியைச் செயற்கையாக ஆக்கி, எலிகளுக்குத் தடுப்பூசியாக ஏற்றினர். குருதியில் ஒட்டுண்ணிகள் குறையவில்லை. ஆயினும் பெரும்பாலான எலிகள் பிழைத்தன. ஒட்டுண்ணி தொற்றுவது வேறு, அதனால் இறப்பது வேறு என்பதே இதன் பொருள்.

எலிகளின் உடலில் கண்டதைச் சமூகத்துக்கு அப்படியே பொருத்தலாகாது. ஆனால் இவ்வேறுபாட்டை வரலாறும் தன் வழியிற் காட்டியுள்ளது. 1934-35இல் இலங்கையில் வரட்சியால் ஆறுகள் குட்டைகளாகி நுளம்பு பெருகியது. ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். விளைச்சல் பொய்த்துப் பசியால் நலிந்திருந்த வறிய கிராம மக்களே அவர்களுட் பெரும்பான்மையினர். நுளம்பு நோயைப் பரப்பியது. வறுமை அதனைக் கொலைகாரனாக்கியது.

இந்த உண்மையை நாவல் அனுபவமாக்குகிறது. அதுவே அதன் வெற்றி. ஆயின், நல்ல மருத்துவரின் வருகை கதையிற் பெறும் முக்கியத்துவத்தைத் தொழிலாளரின் கூட்டுச்செயல் பெறவில்லை. நோயைச் சமூக விளைவாகக் கண்ட ஆசிரியர், அதன் தீர்வைத் தனிமனித அறத்திலேயே தேடுகிறார்.

இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்றளித்தது. மலையகத்தில் லய வாழ்க்கையோ இன்னும் முடிந்தபாடில்லை. ஆகவே இந்நாவலைப் பழைய நோயொன்றின் கதையாக மட்டும் நாம் வாசிக்க முடியாது.